மத்தி எங்கே போனது? கடல் மீன்கள் குறித்துக் கேள்வி பதில்

கடல் மீன்கள் எங்கே வாழ்கின்றன, ஏன் இடம் மாறுகின்றன என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு மீன்வள ஆய்வில் அனுபவமுள்ள ஒருவரின் பதில்கள்.

கடல் முழுக்க ஒரே தண்ணீர்தானே? மீன் மட்டும் ஏன் ஓரிடத்தில் குவிகிறது?
– வாசகர், நாகர்கோவில்

பார்வைக்குத்தான் ஒரே தண்ணீர். வெப்பம், உப்பு, ஆக்சிஜன், இரை எல்லாமே இடத்துக்கு இடம், ஆழத்துக்கு ஆழம் மாறுகின்றன. இந்தியாவுக்குக் கிழக்கே இருக்கும் வங்காள விரிகுடாவில் கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் நன்னீர் கனம் குறைந்த படலமாக மேலே நிற்கிறது. அடியில் உள்ள சத்து மிகுந்த நீர் அதைத் தாண்டி எளிதில் மேலே வருவதில்லை. மேற்கே அரபிக் கடலில் ஆவியாதல் அதிகம், உப்பும் அதிகம். அங்கே பருவக்காற்று வீசினால் அடிநீர் மேலேறிவிடுகிறது. அப்படிச் சத்து மேலேறும் இடத்தில் இரை பெருகும், மீனும் அங்கே குவியும்.

கேரளத்தில் மத்தி திடீரென்று இல்லாமல் போனதே, அது ஏன்?
– மீன் வியாபாரி, குளச்சல்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கரையோர மேல்நீரை ஆழ்கடல் பக்கம் ஒதுக்குகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. ஆழத்தில் தேங்கியிருந்த சத்துகள் வெளிச்சத்தைக் கண்டதும் நுண்பாசி பெருகிக் கடல் பச்சை பிடிக்கிறது. அடுத்த முறை மத்தியை அறுக்கும்போது செவுளை விரித்துப் பாருங்கள். சிவந்த இழைகளுக்கு உட்பக்கம் மெல்லிய முட்கள் சீப்பின் பற்களைப் போல நெருங்கியிருக்கும். நுண்பாசியை வடித்துத் தின்பதற்கான அமைப்பு அது. பச்சை பிடித்த நீர் எங்கேயோ, மத்தியும் அங்கே.

ஆனால் மேலேறும் நீரில் ஆக்சிஜன் குறைவு. அது அளவுக்கு மீறிக் கரைவரை வந்துவிட்டால் மீன் ஒதுங்கிவிடும். காற்று தளர்ந்தாலோ இரை இல்லை. மழையும் காற்றும் தப்பினால் இனப்பெருக்கமும் தப்புகிறது.

2012இல் கேரளத்தில் கிடைத்த மத்தி சுமார் 3.9 லட்சம் டன். 2021இல் வெறும் 3,300 டன் அளவு. எல் நினோ (சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பசிபிக் கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவது) காலத்து வெப்பத்தையும் அதற்கு முன்பு வரம்பில்லாமல் பிடித்ததையும் சேர்த்தே ஆய்வாளர்கள் காரணம் காட்டுகிறார்கள். கடல் சூடானதன் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நகர்வதை என்னால் ஏற்க முடியாது. குஞ்சுகளைக் கூட்டத்தோடு வாரிவிட்டால், நல்ல பருவம் வரும்போது முட்டையிட மீன் வேண்டாமா?

எங்கள் தாத்தா காலத்தில் இந்தப் பக்கம் பேச்சாளை அவ்வளவாகக் கிடையாதாமே?
– மீனவர், நாகப்பட்டினம்

தாத்தா சொன்னது சரி. நீங்கள் பேச்சாளை என்பதும் குளச்சல்காரர் கேட்ட மத்தியும் ஒரே மீன்தான். 1980களின் நடுப்பகுதிவரை ஏறக்குறைய எல்லாமே மலபார் கரையில்தான் பிடிபட்டன. பிறகுதான் கிழக்குக் கரையில் பெருகியது. கடல் வெப்பம் கூடியதால் அதன் வாழ்விட எல்லை விரிந்தது என்பது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய ஆய்வாளர்களின் கருத்து. கானாங்கெளுத்தி வேறு வழி கண்டது. மேல்நீர் சூடாக ஆக அது கீழே இறங்கியது. முன்பு மேல்மட்ட வலைகளில் விழுந்த மீன், இப்போது அடியைத் துழாவும் இழுவை மடிகளிலும் ஏறுகிறது.

பெரு நாட்டு நெத்திலிக்கும் இதே கதைதானா?
– கல்லூரி மாணவி, தூத்துக்குடி

ஆமாம், இன்னும் கொடுமையாக. அங்கேயும் மேலேறும் குளிர்நீர்தான் ஆதாரம். 1970இல் 1.2 கோடி டன்னுக்கு மேல் பிடித்தார்கள். 1972-73 எல் நினோவில் வெப்பநீர் வந்து மூடியது. 1973இல் பிடிப்பு சுமார் 20 லட்சம் டன்னுக்கு விழுந்தது.

உறைபனிக் கடலிலும் பேராழத்திலும் மீன் எப்படிப் பிழைக்கிறது?
– ஆசிரியர், மதுரை

அண்டார்க்டிகாவின் பனிமீனுக்கு ரத்தம் சிவப்பாக இருக்காது, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினே இல்லை. குளிர்நீரில் ஆக்சிஜன் அதிகம் கரைவதால் ஹீமோகுளோபின் இல்லாமலே வாழ்கிறது. உறையாமலிருக்க உடலில் தனிப் புரதம் இருக்கிறது. இதைவிட வியப்பான மீனை நான் அறியேன். ஆழத்துக்கும் எல்லை உண்டு. 2022இல் ஜப்பானுக்குத் தெற்கே 8,336 மீட்டரில் ஒரு மீன் படம்பிடிக்கப்பட்டது. அதற்கு மிகவும் கீழே அழுத்தத்தை எந்த மீனின் உடலும் தாங்காது என்று கருதுகிறார்கள்.

செயற்கைக்கோள் மீன் இருக்கும் இடத்தைச் சொல்கிறதாமே, நம்பலாமா?
– படகு உரிமையாளர், ராமேஸ்வரம்

நம்பிப் பயன்படுத்துங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற தேசியக் கடல் தகவல் மையம் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் நுண்பாசியின் பச்சையத்தையும் கணித்து, மீன் சேரக்கூடிய பகுதிகளை அறிவிக்கிறது. செயற்கைக்கோள் மீனைப் பார்ப்பதில்லை, மீனுக்கு ஏற்ற நீரைப் பார்க்கிறது. மேகம் மூடினால் அந்தப் பார்வையும் தடைபடும். அப்போது உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் நீரோட்டத்தையும் கலங்கலையும் பார் (கடலடிப் பாறைத் திட்டு) இருக்கும் இடங்களையும் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.