காலையில் மட்டும் முரண்டு பிடிக்கும் கம்ப்யூட்டர்

கேள்வி (கோத்தகிரி, ஆசிரியை): வாங்கி ஐந்து வருஷமான டெஸ்க்டாப். இரண்டு மாதமாகக் காலையில் ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பாகவே நிற்கிறது. நாலைந்து முறை அணைத்துப் போட்டால் ஓடுகிறது. வெயில் ஏறிவிட்டால் தொந்தரவே இல்லை. தேதியும் பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது. மதர்போர்டு போச்சு, 6,500 ரூபாய் ஆகும் என்கிறார் சர்வீஸ் கடைக்காரர். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம், அம்மா. மத்தியானம் முழுக்க ஒழுங்காக ஓடும் பெட்டியில் மதர்போர்டை, அதாவது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய அட்டையை, கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும்.

தேதி மாறுவதற்குக் காரணம் போர்டில் இருக்கும் பட்டன் செல். சிஆர்2032 என்று கேளுங்கள், 3 வோல்ட். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும், விலை நூறு ரூபாயைத் தொடாது. ஐந்து வருஷத்தில் அது தீர்ந்துபோவது சகஜம்.

திரை கருப்பாக நிற்பதற்கு முதலில் ரேமைப் பாருங்கள், போர்டில் செருகியிருக்கும் நீளமான நினைவகப் பட்டை அது. உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை நின்ற பிறகும் சுவரெல்லாம் ஈரம் கோத்து நிற்கும். அந்த ஈரத்தில் ரேமின் பித்தளை நிறப் பற்களில் மெல்லிய படலம் படியும். கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்துவிட்டு, ரேமைக் கழற்றுங்கள். பென்சில் அழிக்கும் ரப்பரால் பற்களைத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகுங்கள்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்குள் எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை. அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் பழசானால் குளிரில் சரியாக வேலை செய்யாது, கொஞ்சம் சூடேறியதும் சரியாகிவிடும். காலையில் முரண்டு, மத்தியானம் ஓட்டம் என்பதற்கு இது நன்றாகவே பொருந்துகிறது. கடையில் வேறொரு எஸ்எம்பிஎஸ் மாட்டி, ஒரு ராத்திரி பெட்டியை அங்கேயே வைத்திருந்து, காலை ஏழு மணிக்கு ஆன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். எதை மாற்றினாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி (குன்னூர்): புது ஒயர்லெஸ் மவுஸ். கர்சர் தாவுகிறது, சில நேரம் நின்றே விடுகிறது. மேசை கண்ணாடி போட்டது. மவுஸ் மட்டமா?

பதில்: மேசைதான் காரணம். கீழே ஒரு நோட்டு அட்டையை வையுங்கள்.

கேள்வி (கூடலூர்): 'ஐ7, 16 ஜிபி ரேம், 14,000 ரூபாய்' என்று போனில் படம் பார்த்துப் பழைய கம்ப்யூட்டர் வாங்கினேன். ஆன் ஆக ஏழு நிமிஷம் ஆகிறது. விண்டோஸ் 11 ஏறவில்லை. உள்ளே ஐ7-2600 என்று காட்டுகிறது. விற்றவர் போனை எடுப்பதில்லை. ஓட்டிப் பார்த்து வாங்கவில்லை, பில்லும் இல்லை.

பதில்: ஓட்டிப் பார்க்கவில்லை, பில் கேட்கவில்லை, எந்தத் தலைமுறை என்றும் கேட்கவில்லை. ஒரு குடை வாங்கினால்கூட விரித்துப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

ஐ7 என்பது வெறும் குடும்பப் பெயர். அதன் பின்னால் வரும் எண்தான் வயதைச் சொல்லும். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011இல் வந்தது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11க்குப் பொதுவாக அனுமதி. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அதனால் இந்தப் பெட்டியில் வங்கி வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் அதற்குப் பதில் சின்ன எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள், ஏழு நிமிஷம் ஒரு நிமிஷத்துக்குள் வந்துவிடும். பிள்ளைகள் எழுதப் படிக்க, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போதும். பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவையும் வாட்ஸப் பேச்சையும் அழிக்காதீர்கள். இப்போது உங்களிடம் இருக்கும் சாட்சி அவை மட்டும்தான்.

கேள்வி (ஊட்டி, கல்லூரி மாணவி): மவுஸ் வாங்கி இருபது நாள். ஒரு தரம் அழுத்தினால் இரண்டு தரம் அழுத்தியதாக எடுத்துக்கொள்கிறது. கடையில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று எழுதிய போர்டைக் காட்டுகிறார்கள். வாங்கிய அன்று பில் கேட்டதற்கு, பில் போட்டால் 18 சதவீதம் கூடும் என்று சொல்லி, பில் இல்லாமல்தான் கொடுத்தார்கள். 650 ரூபாய்தானே, விட்டுவிடவா?

பதில்: விடாதீர்கள். இந்த விஷயத்தை நான் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை.

2019இல் கோயம்புத்தூரில் ஒரு கடையில் நானும் இதே பேச்சைக் கேட்டு, பில் இல்லாமல் ஒரு அசெம்பிள்ட் கம்ப்யூட்டர் வாங்கினேன். மிச்சம் ஐயாயிரத்துச் சொச்சம். நாலாவது மாதம் மதர்போர்டு படுத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் மலை இறங்கிப் போனால், "இது நம்ம கடையில் வாங்கினதுதானா சார்?" என்று கேட்டார்கள். காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லை. மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகச் செலவழித்து வேறு போர்டு வாங்கினேன். அந்த 18 சதவீதம் அரசுக்குப் போகும் வரி என்பது உண்மை. ஆனால் அதைக் கட்டாமல் விடும்போது நம் கையிலிருக்கும் பிடியையும் கடைக்காரரிடம் கொடுத்துவிடுகிறோம். கடைக்காரருக்கு அது நன்றாகத் தெரியும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதைத் தெளிவாகவே சொல்கிறது. பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். சுவரில் என்ன போர்டு மாட்டியிருந்தாலும் சட்டம் மாறாது. உங்களுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.

இன்றே அந்த மவுஸை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, கோளாறை வீடியோ எடுங்கள். கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை என்பதற்கு அதுவே ஆதாரம். பிறகு கடைக்குப் போய், மாற்றித் தாருங்கள் அல்லது பணத்தைத் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915க்குப் போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்காவிட்டால் ஊட்டியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி (கேத்தி): மவுஸ் வயரை எலி கடித்துவிட்டது. வாரண்டியில் வருமா?

பதில்: வராது. கேபினெட் பின்னால் தகடு விட்டுப்போன இடம் இருந்தால் உடனே மூடுங்கள், எலி உள்ளே போனால் சேதம் பெரிது.

கேள்வி (மஞ்சூர், ஓய்வு பெற்றவர்): கரண்ட் பில் கட்ட உட்கார்ந்தேன். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாக எச்சரிக்கை, அலாரச் சத்தம். மவுஸ் நகரவில்லை. மைக்ரோசாஃப்ட் என்று போட்டிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஏதோ ஆப் போடச் சொன்னார்கள். 9,800 ரூபாய் போய்விட்டது. மகனிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்: ஐயா, கடிதம் கிடைத்த அன்றே உங்களிடம் போனில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன். இதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. பதறவைப்பதற்கென்றே செய்த பக்கம் அது. மவுஸ் கெடவில்லை, பிரவுசர் திரையை முழுதாக மூடிக்கொண்டு கர்சரை மறைத்துவிடுகிறது. எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் விலகும். இல்லாவிட்டால் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி அணைத்துவிடலாம். திரும்ப ஆன் செய்யும்போது பழைய பக்கங்களைத் திறக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது.

பணம் போனது தெரிந்த நிமிஷமே 1930க்கும் (இணையப் பண மோசடிக்கான உதவி எண்) வங்கிக்கும் போன் செய்ய வேண்டும். மணிக்கணக்கு முக்கியம். பணம் அடுத்த கைக்கு மாறுவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. கம்ப்யூட்டரில் நெட்டைத் துண்டித்துவிட்டு அவர்கள் போடச் சொன்ன ஆப்பை நீக்குங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். மகனிடமும் இன்றே சொல்லிவிடுங்கள் ஐயா, அந்த ஆப்பை நீக்க அவர் பக்கத்தில் இருப்பது நல்லது.