குவாங்சோவில் எதை எங்கே வாங்குவது? வாசகர் கேள்வி பதில்

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் விசா இல்லாமல் சீனாவுக்குச் செல்லலாம் என்ற ஏற்பாடு 2023 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதிலிருந்து, கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேர விமானப் பயணத்தில் இருக்கும் குவாங்சோ நகரைப் பற்றி வாசகர்கள் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். பெரும்பாலான கடிதங்கள் பொருள் வாங்குவதைப் பற்றியவை என்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பள்ளி விடுமுறையில் குடும்பத்துடன் குவாங்சோ செல்கிறோம். எந்தப் பேரங்காடிக்குப் போனால் எல்லாவற்றையும் மலிவாக வாங்கலாம்? (வாசகி, செந்தூல்)

பதில்: எல்லாம் ஒரே கூரையின் கீழ் மலிவாகக் கிடைக்கும் இடம் என்று எதையும் என்னால் காட்ட முடியவில்லை. குவாங்சோவில் துணிக்கு ஒரு வட்டாரம், ஆயத்த ஆடைக்கு ஒரு வட்டாரம், பொம்மைக்கு ஒரு தெரு, தேயிலைக்கு ஒரு சந்தை என்று ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. ஆகவே, பட்டியலை முதலில் எழுதிவிட்டு, அதன்பின் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நீங்கள் குடும்பத் தேவைக்கு மட்டும் வாங்குகிறீர்கள் என்றால், மொத்தச் சந்தைகளைத் தவிர்த்துவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ரயில் நிலையத்தின் அருகிலுள்ள பைமா ஆடைச் சந்தையைப் பற்றியும், விடியற்காலையிலேயே தொடங்கிப் பிற்பகலில் ஓய்ந்துவிடும் ஷிசான்ஹாங் ஆடைச் சந்தையைப் பற்றியும் பலர் ஆவலுடன் பேசுவார்கள். அங்கே கடைக்காரர்கள் தங்களைப் போன்ற வியாபாரிகளுக்கே விற்கிறார்கள். பெரும்பாலான கடைகளில் உடையைப் போட்டுப் பார்க்க முடியாது. ஒரே ஒன்று கேட்டால் மறுத்துவிடுவார்கள் அல்லது விலையை உயர்த்திச் சொல்வார்கள். பெரிய மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு ஓடும் தொழிலாளர்களுக்கு நடுவே குழந்தைகளுடன் நிற்பதும் பாதுகாப்பன்று.

உங்களுக்குப் பொருத்தமானவை பெய்ஜிங் சாலையும் ஷாங்சியாஜியூ தெருவும். இரண்டும் நடந்து வாங்குவதற்கான தெருக்கள். ஷாங்சியாஜியூவில் கடைகளின் முன்னே மேல்மாடி நீட்டி நிற்க, அதன் நிழலில் நடைபாதை ஓடுகிறது. ஜார்ஜ்டவுனின் ஐந்தடிப் பாதைகளில் நடந்து பழகியவர்களுக்கு அந்தக் கட்டட அமைப்பு உடனே புரியும். பேரங்காடிதான் வேண்டுமென்றால், தியான்ஹே வட்டாரத்தில் தீமால், கிராண்ட்வியூ, தாய்கூ ஹுய் ஆகிய மூன்றும் இருக்கின்றன. ஆனால் தாய்கூ ஹுய் உயர்விலை வெளிநாட்டு நிறுவனங்களுக்கான இடம். அந்தப் பைகளையும் கைக்கடிகாரங்களையும் கோலாலம்பூரைவிட மலிவாகப் பெறலாம் என்று எண்ணிச் செல்லாதீர்கள். சீன நிறுவனங்களின் குழந்தை உடை, காலணி, வீட்டுப் பொருள்கள் ஆகியவற்றில்தான் உங்கள் பணத்துக்கு உரிய மதிப்பு கிடைக்கும். உடைகளின் அளவு நம்முடையதைவிடச் சிறியதாக இருப்பது வழக்கம் என்பதால், அணிந்து பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கேள்வி: பிரிக்பீல்ட்ஸில் தையல் கடை நடத்துகிறேன். ரவிக்கைக்கும் பஞ்சாபி உடைக்கும் வேண்டிய துணி, லேஸ், சம்கி வகைகளைக் குவாங்சோவில் நேரடியாக வாங்க விரும்புகிறேன். எங்கே செல்வது, எதில் எச்சரிக்கையாக இருப்பது? (வாசகி, கோலாலம்பூர்)

பதில்: நீங்கள் போக வேண்டிய இடம் சோங்டா துணிச் சந்தை. சுன் யாட்சென் பல்கலைக்கழகத்தின் தெற்கு வாசலுக்கு எதிரே, மெட்ரோவின் 8 ஆம் தடத்தில் சோங்டா நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடையில் அடைந்துவிடலாம். இது ஒரு கட்டடமன்று, ஒரு வட்டாரம். அதன் நடுவே நிற்கும் பன்னாட்டு நெசவுத்துணி மையத்தில் மாடி மாடியாகத் துணிக் கடைகள் இருக்கின்றன. சுற்றியுள்ள சந்துகளில் லேஸ், ஜரிகை, பொத்தான், மணி, கல் ஒட்டிய பார்டர் விற்கும் சிறு கடைகள் இருக்கின்றன. முதல் நாள் எதையும் வாங்காமல், மாதிரித் துண்டுகளை மட்டும் சேகரித்துக்கொண்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் கடை எண்ணையும் விலையையும் எழுதி வைத்து, இரவில் அறையில் அமர்ந்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் வாங்குங்கள். இதைச் செய்யாதவர்கள் ஒரே துணியை இரு வேறு விலைக்கு வாங்கிவிட்டு வருந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

விலை கேட்கும்போது மூன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். முதலாவது, சொல்லும் விலை முழு ரோலுக்கா, வெட்டித் தரும் துணிக்கா என்பது. வெட்டித் தருவதற்கு விலை கூடும். இரண்டாவது, அளவு மீட்டரா, கெஜமா என்பது. ஒரு கெஜம் 0.9144 மீட்டர்தான் என்பதால், நூறு அளவு வாங்கும்போது எட்டு மீட்டருக்கு மேல் வேறுபாடு வந்துவிடும். பின்னல் துணிகளைக் கிலோ கணக்கிலும் விற்பார்கள். மூன்றாவது, அகலம். அங்கே ஏறத்தாழ 150 சென்டிமீட்டர் அகலத் துணி பரவலாகக் கிடைக்கிறது. இந்தியத் துணிகளின் 44 அங்குல அகலத்துக்குப் பழகிய தையல்காரர்கள் வழக்கம்போல் கணக்கிட்டால் தேவைக்கு மேல் வாங்கிவிடுவார்கள்.

கடையில் தொங்குவது மாதிரிதான். சரக்கு வேறோரிடத்துக் கிடங்கிலிருந்து வரும். ஆகவே, ஒரே நிறத்தில் பல ரோல்கள் வாங்கினால் அவை ஒரே முறை சாயமேற்றியவைதானா என்று கேட்டு, வந்த சரக்கை மாதிரித் துண்டுடன் வெயில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். கல்யாண வீட்டார் பத்துப் பெண்களுக்கு ஒரே நிறத்தில் தைக்கச் சொல்லும்போது, ஒரு ரோல் சற்று வெளுத்திருந்தாலும் அந்தத் துணி பயன்படாமல் போய்விடும்.

பட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். பட்டுப்போல் பளபளக்கும் துணிகளில் பெரும்பகுதி பாலியெஸ்டர்தான். அப்பகுதிக்கே உரிய உண்மையான பட்டு ஒன்று உண்டு: அருகிலுள்ள ஷுண்ட வட்டாரத்தில், ஒரு வகைக் கிழங்கின் சாற்றில் பலமுறை தோய்த்து, ஆற்றுச் சேறு பூசி, வெயிலில் உலர்த்தித் தயாரிக்கும் சியாங்யுன்ஷா. ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் பழுப்பாகவும் இருக்கும் அந்தத் துணியின் சாயமேற்றும் முறையைச் சீனா 2008 இல் தன் தேசிய மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. விலை அதிகம்தான். ஆனாலும் நெசவில் ஈடுபாடுள்ள ஒருவர் தொட்டுப் பார்க்காமல் திரும்பக்கூடாது என்றே சொல்வேன்.

கேள்வி: தீபாவளிச் சந்தையில் அலங்காரப் பொருள் கடை போட எண்ணம். எந்த மாதம் போவது நல்லது? சரக்கை எப்படிக் கொண்டுவருவது? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: அலங்காரப் பொருள், பொம்மை, செயற்கைப் பூ, அன்பளிப்புப் பொருள் ஆகியவற்றுக்கு ஹைஜூ சதுக்கத்தின் அருகிலுள்ள ஒன்லிங்க் பிளாசாவும் அதையொட்டிய யீத சாலையும் போதும். மெட்ரோவின் 2 ஆம், 6 ஆம் தடங்கள் அங்கே சந்திக்கின்றன.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அக்டோபர் முதல் வாரம் சீனாவின் தேசிய விடுமுறை. அடுத்து, அக்டோபர் 15 இல் குவாங்சோவிலேயே கான்டன் வணிகக் கண்காட்சி தொடங்கி நவம்பர் 4 வரை மூன்று கட்டங்களாக நடைபெறும். 1957 முதல் நடந்துவரும் அந்தக் கண்காட்சிக்கு உலகெங்கிலுமிருந்து வணிகர்கள் வருவதால் விடுதிக் கட்டணம் பெரிதும் உயர்ந்துவிடும். அதற்குள் தீபாவளியே வந்துவிடலாம். சரக்கு கப்பலில் வந்து சேர வாரக் கணக்கில் ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஜூன் அல்லது ஜூலையில் சென்று வருவதே முறை. சீனப் புத்தாண்டை ஒட்டிய வாரங்களில் போகவே வேண்டாம். மொத்தக் கடைகள் பண்டிகைக்கு வெகுமுன்பே மூடப்பட்டு, தாமதமாகத்தான் திறக்கும்.

சிறு வியாபாரிகளின் சரக்குகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே கொள்கலனில் அனுப்பும் முகவர்கள் குவாங்சோவில் இருக்கிறார்கள்; பெரும்பாலும் கன அளவை வைத்தே கட்டணம் வாங்குவார்கள். அலங்காரப் பொருள் எடை குறைவு, இடம் மிகுதி என்பதால், மடித்து வைக்கக்கூடியவற்றையே தேர்ந்தெடுங்கள். மின்விளக்குச் சரங்களின் பிளக் நம் நாட்டு மூன்று சதுர முனைப் பிளக்காக இராது. பாதுகாப்புச் சான்று இல்லாத மின்பொருளைச் சந்தையில் விற்கவும் கூடாது, ஆகவே அவற்றை விட்டுவிடுங்கள். விற்பனைக்கான சரக்கைச் சொந்தப் பயன்பாட்டுப் பொருள் என்று சொல்லிப் பெட்டியில் கொண்டுவர முயலாமல், சுங்கத்துறையிடம் முறையாக அறிவித்து வரியைச் செலுத்திவிடுங்கள். அந்த வரியையும் விலையில் சேர்த்துப் பார்த்து இலாபம் நிற்காவிட்டால், அந்தப் பொருளை வாங்காதீர்கள்.

கேள்வி: ரொக்கம் கொண்டுபோகலாமா, கைப்பேசியில் கட்ட வேண்டுமா? (வாசகர், செராஸ்)

பதில்: இரண்டும் வேண்டும். சீனாவில் பணம் கட்டப் பயன்படும் கைப்பேசிச் செயலிகளான அலிபேயிலும் வீசாட்டிலும் உங்கள் கடன் அட்டையைப் புறப்படும் முன்பே இணைத்துவிடுங்கள். 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கட்டணத்துக்கும் மூன்று விழுக்காடு கூடுதலாகப் பிடிப்பார்கள். டச் அண்ட் கோ மின்பணப்பையையும் அலிபே கியூஆர் குறியீடு உள்ள பல கடைகளில் பயன்படுத்தலாம். ஆனால் மொத்தச் சந்தையின் சிறு கடைகளில் வைத்திருப்பது தனிநபர்க் குறியீடாக இருந்தால், வெளிநாட்டு அட்டை வழியாகப் பணம் போகாமல் நின்றுவிடுவதுண்டு. அந்த நேரத்துக்கு யுவான் தாள் கையில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பும் கூகளும் விடுதியின் இணைப்பில் திறக்காது. மலேசிய எண்ணில் ரோமிங் எடுத்துச் சென்றால் திறக்கும்.

கேள்வி: மகளின் திருமணத்துக்கு நகை அங்கே வாங்கலாமா? (வாசகி, புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: தங்கம் வேண்டாம், அம்மா. அங்கே பெரும்பாலும் விற்பது 999 தரத் தங்கம். நம் குடும்பங்கள் அணியும் 916 தரத்தில், தாலிக்கும் அட்டிகைக்கும் உரிய வேலைப்பாட்டில் தேடினால் கிடைக்காது. பின்னாளில் மாற்ற நினைத்தாலும், வாங்கிய கடை அருகில் இருப்பதே உங்களுக்கு வசதி.

முத்து, பவளம், நிறக் கல் மாலைகள் என்றால் லிவான் பிளாசாவுக்குச் செல்லலாம். மெட்ரோ 1 ஆம் தடத்தில் சாங்ஷோ சாலை நிலையம். பச்சை மரகதம் போல் தோன்றும் ஜேட் கல்லில் பிசின் ஏற்றி மெருகூட்டியவை ஏராளம் என்பதால், ஆய்வுக்கூடச் சான்று இல்லாமல் பெரிய தொகை கொடுக்காதீர்கள். வரியைத் திருப்பித் தரும் ஏற்பாட்டின் அடையாளம் ஒட்டிய கடையில் ஒரே நாளில் 200 யுவானுக்கு மேல் வாங்கினால், கடப்பிதழைக் காட்டி அதற்குரிய படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். பொருளைப் பெட்டியில் போட்டு விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே, விமான நிலையச் சுங்க முகப்பில் அதைக் காட்டி முத்திரை பெற வேண்டும்.