ஏற்காடு ஏறி இறங்கும் ஆட்டோமேட்டிக் பிக்கப்: கியர் பாக்ஸ் ஆயில் கேள்வி பதில்

சேலம் வட்டாரத்தில் ஆட்டோமேட்டிக் பிக்கப் வைத்திருப்பவர்கள் கேட்டவை இவை. பெரும்பாலும் டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் வண்டிகள். ஏடிஎஃப் எனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை எந்த முறையில் மாற்றுவது என்பதே எல்லோருடைய குழப்பமும்.

அஸ்தம்பட்டியிலிருந்து: சார், ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக், 62,000 கி.மீ. ஓடியிருக்கு. வாரம் ரெண்டு தடவை ஏற்காடு லோடு. ஒருத்தர் "இது லைஃப் டைம் ஆயில், தொடாதீங்க"ங்கறார். இன்னொருத்தர் மெஷின் வெச்சு ஃபிளஷ் பண்ணணும்ங்கறார். யார் சொல்றதக் கேக்கறது?

ரெண்டு பேர் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆயுளுக்கும் போதும் என்பது சமவெளியில் நிதானமாக ஓடும் வண்டிக்குச் சொல்வது. அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு, ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். ஒவ்வொரு வளைவிலும் வேகம் விழும், இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் (நேரடிப் பிடிப்பு) விடுபடும், இன்ஜின் விசையில் ஒரு பங்கு ஆயிலைக் கடைவதிலேயே சூடாகப் போய்விடும். அந்தச் சூடுதான் ஏடிஎஃப்பைத் தின்கிறது. இப்படி ஓடும் வண்டிக்கு 50,000 முதல் 60,000 கி.மீ.க்குள் மாற்றிவிடச் சொல்வேன்.

முறைக்கு வருவோம். டிரெயின் போல்ட்டைத் திறந்தால் பானில், அதாவது கியர் பெட்டியின் அடித்தட்டில், இருப்பது மட்டும்தான் வடியும். கன்வெர்ட்டர், ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடி, ஆயிலை ஆற்றும் கூலரின் குழாய்களில் இருப்பது வராது. மொத்தம் 10 லிட்டர் பிடிக்கும் பெட்டியில் மூன்றரை லிட்டர் வடிகிறது என்று வையுங்கள். ஒரு முறை மாற்றினால் 35 சதவீதம் புது ஆயில். நடுவில் கொஞ்சம் ஓட்டி, இரண்டாம் முறை மாற்றினால் 58, மூன்றாம் முறை 72 சதவீதத்துக்கு மேல். ஆயில் கூடுதலாகச் செலவாகும்தான், ஆனால் தவறு நடக்க இடம் குறைவு. மெஷின் கூலர் குழாய் வழியாகக் கிட்டத்தட்ட முழுவதையும் மாற்றிவிடும். மெஷின்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பானைக் கழற்றி ஃபில்டரைப் பார்க்காமல் மெஷினை மட்டும் மாட்டுவது பாதி வேலை. அதற்குமுன் அந்த மெஷினில் வேறு வண்டியின் வேறு ஆயில் ஓடியிருந்தால், அதன் மிச்சமும் உங்கள் பெட்டிக்குள் வரும்.

உங்கள் வண்டிக்கு: முதல் முறை பானைக் கழற்றி, காந்தம் துடைத்து, ஃபில்டரும் கேஸ்கெட்டும் மாற்றி நிரப்புங்கள். பிறகு ஆயிரம் கி.மீ. இடைவெளியில் இன்னும் இரண்டு முறை வடித்து ஊற்றினால் போதும்.

சூரமங்கலத்திலிருந்து: அண்ணா, வீட்லயே செய்யலாம்னு இருக்கேன். வரிசையாச் சொல்லுங்க.

தம்பி, முதலில் நிரப்பும் போல்ட்டைத் திறந்து பார். அது இறுகிக் கிடப்பது தெரியாமல் கீழே வடித்துவிட்டால், வண்டியை அசைக்கவும் முடியாது, நிரப்பவும் முடியாது.

வண்டி நாலு சக்கரமும் ஒரே மட்டத்தில் ஸ்டேண்டில் நிற்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதே. சில மாடல்களில் வடிக்கும் போல்ட் வேறு, அளவு பார்க்கும் போல்ட் வேறு. சிலவற்றில் ஒரே ஓட்டைதான். உள்ளே நிற்கும் சிறு குழாயை ஆலன் கீ போட்டுக் கழற்றினால்தான் ஆயில் முழுதாக வடியும். வடிந்ததை அளவுக் கோடு போட்ட கேனில் பிடி. எவ்வளவு வந்ததோ அவ்வளவை கை பம்பு வைத்து உள்ளே ஏற்று. பானையும் கழற்றினால் இன்னும் கொஞ்சம் வரும், அதையும் சேர்த்துக்கொள்.

பான் காந்தத்தில் கரும் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் தேய்த்தால் மை மாதிரி வழுக்க வேண்டும். நகத்தில் தட்டுப்படும் இரும்புச் செதில், பித்தளை நிறத் துகள் இருந்தால் ஆயில் மாற்றுவதோடு கதை முடியாது, பெட்டியைப் பிரித்துப் பார்க்க ஆள் தேடு.

பான் போல்ட்டுகளில்தான் நிறையப் பேர் கைவரிசை காட்டுகிறார்கள். பெரும்பாலும் ஒற்றை இலக்க நியூட்டன் மீட்டர்தான் முறுக்கு. ராட்செட்டில் பலம் காட்டினால் கேஸ்கெட் பிதுங்கும், அலுமினிய மரை போய்விடும். குறுக்கு மறுக்காக, இரண்டு சுற்றாக இறுக்கு. வடிக்கும் போல்ட்டுக்குப் புது வாஷர்.

நிரப்பியதும் இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தித் திரும்ப பி-க்கு வா. அதற்குப் பிறகுதான் அளவு பார்ப்பது.

ஓமலூரிலிருந்து: அளவு பாக்க டிப் ஸ்டிக்கே இல்லையே? பட்டறையில குத்துமதிப்பா ஊத்தி அனுப்பிட்டாங்க. மேல ஏறும்போது டி போட்டா ஒரு விநாடி கழிச்சுத்தான் இழுக்குது.

ஆயில் குறைவாக இருப்பதன் முதல் அடையாளம் அதுதான். ஏற்றத்தில் ஆயில் பானின் பின்பக்கம் ஒதுங்கும், ஃபில்டர் வாய் காற்றை இழுக்கும், அழுத்தம் விழும். அதிகமாக ஊற்றினாலும் தொல்லை: சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரைக்கு அழுத்தம் நிற்காது, பிரீதர் எனும் காற்றுத் துளை வழியே கக்கும்.

டிப் ஸ்டிக் இல்லாத பெட்டியில் அளவு என்பது வெப்பத்தைச் சார்ந்தது. ஆயில் சூடானால் விரியும். பல மாடல்களில் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது பார்க்கச் சொல்வார்கள். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணே முடிவானது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, அளவு போல்ட்டைத் திறந்தால் ஆயில் ஒழுகும். ஒழுக்கு மெலிந்து சொட்டாக மாறும்போது மூட வேண்டும். ஒன்றுமே வராவிட்டால், வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

சேலத்துக்காரர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு, ஓடாமல் நிற்கும் வண்டியிலேயே ஆயில் 38, 39 டிகிரி இருக்கும். போல்ட்டைத் தேடி எடுப்பதற்குள் 45 தாண்டிவிடும். மலை இறங்கி நேராகப் பட்டறைக்கு வந்த வண்டி இன்னும் மோசம். சூட்டில் விரிந்த ஆயில் வழிந்து வெளியே போகும், "லெவல் சரி" என்று மூடிவிடுவார்கள், ஆறியபின் பார்த்தால் குறை. ராத்திரி முழுக்க நிறுத்தி விடியற்காலை ஆறு மணிக்குப் பாருங்கள். வெப்பத்தை, வண்டிக் கம்ப்யூட்டரில் செருகிப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் ஏடிஎஃப் டெம்பரேச்சர் என்ற வரியில் படியுங்கள். பான்மேல் லேசர் தெர்மாமீட்டரைக் காட்டினால் இரும்பின் சூடுதான் தெரியும்.

நாகலூரிலிருந்து: எங்க எஸ்டேட் வாசல் சரிவுங்க. முன் சக்கரத்துக்கு மட்டும் கட்டை வெச்சு ஏத்திச் செய்யலாமா?

வடிக்கலாம், அளவு பார்க்கக் கூடாது. காபி காய வைக்கும் சிமெண்ட் களம் இருந்தால் ரச மட்டம் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நீர் வடிய லேசாகச் சரிவு கொடுத்திருப்பார்கள்.

கொண்டலாம்பட்டியிலிருந்து: கம்பெனி ஆயிலும் டெக்ஸ்ரான் 3-ங்கற பழைய ரக ஏடிஎஃப்பும் ரெண்டும் செவப்புதானே சார், டெக்ஸ்ரான் 3 பாதி விலைக்குக் கெடைக்குது. ஊத்தினா என்ன?

சிவப்பு என்பது சாயம், தரம் இல்லை. ஹைலக்ஸுக்கு டொயோட்டாவின் டபிள்யூஎஸ் எனும் ஏடிஎஃப். அதன் கெட்டித்தன்மை 100 டிகிரியில் சுமார் 5.5 சென்டிஸ்டோக்ஸ், டெக்ஸ்ரான் 3 ஏழுக்கு மேல். மெல்லிய ஆயிலுக்குக் கணக்கிட்ட சொலினாய்டு (மின்சார வால்வு), லாக்-அப் கிளட்ச் எல்லாம் தடுமாறும், கியர் விழும்போது உதறும். வேறு கம்பெனி ஆயில் வாங்கலாம், டப்பாவில் உங்கள் மேனுவல் சொல்லும் தரத்தின் பெயர் இருந்தால்.

சங்ககிரியிலிருந்து: செகண்ட் ஹேண்ட் வண்டி, 1,40,000 கி.மீ. மூணாவது கியர்ல ஆர்பிஎம் ஏறுது, வண்டி ஏற மாட்டேங்குது. பழைய ஆயில மாத்தினா பெட்டி போயிடும்னு பயமுறுத்தறாங்க.

அந்த வண்டியில் கிளட்ச் தகடு ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. புது ஆயில் அதைக் கெடுக்காது, சரியும் செய்யாது. மாற்றிய மறுவாரம் படுத்துக்கொண்டால் பழி ஆயில்மேல் விழும், அவ்வளவுதான். முதலில் ஸ்கேன் செய்து பிழைக் குறியீடு பாருங்கள், அளவு பாருங்கள். ஆயில் கருகிய வாடை அடித்தால் ஃபிளஷ்ஷுக்குக் கொடுக்கும் காசைப் பெட்டி வேலைக்கு எடுத்து வையுங்கள். பால் கலந்த ரோஸ் நிறத்தில் இருந்தால் கூலரில் கூலண்ட் கலந்திருக்கிறது. வண்டியை ஓட்டாமல் இழுத்துப் போங்கள், தகட்டில் பசை விட்டுப்போகும்.

வாழப்பாடியிலிருந்து: பொலேரோ பிக்கப்புக்கும் இதேதானா?

இல்லை, அது மேனுவல் கியர். அதற்குக் கியர் ஆயில். பானெட்டுக்குள் ஒரு மூடியில் ஏடிஎஃப் என்றோ டெக்ஸ்ரான் என்றோ எழுதியிருந்தால் அது பவர் ஸ்டியரிங்குக்கு.

ஏற்காட்டிலிருந்து: வடிச்ச ஆயில வேலிக் கம்புக்குத் தடவினா கரையான் வராதுங்கறாங்க. தடவலாமா?

வேண்டாம். மழையில் அடித்துக்கொண்டு இறங்கி ஓடைக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேரும். பயன்படுத்திய எண்ணெய் 2016 ஆபத்தான கழிவு விதிகளின் கீழ் வருவது. மூடி போட்ட கேனில் பிடித்து, இன்ஜின் ஆயிலை உரிமம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுக்கும் பட்டறையில் சேர்த்துவிடுங்கள். கூலண்ட்டையோ டீசலையோ அதே கேனில் கலக்காதீர்கள், கலந்தால் வாங்க மாட்டார்கள்.