இறந்தவர்கள் உடலோடு எழுவார்கள் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்களே, உடலை எரித்துவிட்டால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாதுங்க. நான் கோவையில் சிஎஸ்ஐ என்ற புராட்டஸ்டண்ட் சபையில் வளர்ந்தவன். பேரூர்ப் பக்கத்து நண்பர்கள் இதை அடிக்கடி கேட்பார்கள்.

கேள்வி ரொம்பப் பழசு. கி.பி. 177-ல், இன்று பிரான்சில் இருக்கும் லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள், உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். இனி இவர்கள் எப்படி எழுவார்கள், பார்த்துவிடலாம் என்பதுதான் எண்ணம். பவானி கூடுதுறையில் அஸ்தி கரைப்பது இறந்தவருக்கு நாம் செய்யும் மரியாதை. லியோனில் அது வன்மம். ஆனால் நடந்ததையெல்லாம் மற்ற சபைகளுக்குக் கடிதமாக எழுதி அனுப்பியதே மிஞ்சியிருந்த கிறிஸ்தவர்கள்தான். ஆற்றோடு போனது சாம்பல் மட்டும்.

கத்தோலிக்கத் திருச்சபையும் எரிப்பதற்கு இருந்த தடையை 1963-ல் தளர்த்திவிட்டது. சாம்பலைத் தூவக்கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-ல் சொன்னது. சரி, புதைத்தால் மட்டும் என்ன மிஞ்சுகிறது? குடும்பக் கல்லறையை அடுத்தவருக்காகத் திறக்கும்போது நின்று பார்த்தவர்களைக் கேளுங்கள். கண்தானம் கொடுத்தால் பார்வையில்லாமல் எழுவோமோ என்று எங்கள் பெரியம்மா போதகரிடமே கேட்டார். போதகர் சிரித்துக்கொண்டே, "தாராளமா கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார்.

பழைய உடலின் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டுவதைப் பற்றி, ஆதிச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுல் பேசவே இல்லை. பைபிளில் இருக்கும், கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம், 15-ஆம் அதிகாரத்தில், மண்ணில் போடுவது வெறும் விதை, முளைத்து வருவது வேறு உருவம் என்கிறார். அழிவுள்ளதாக விதைக்கப்படும், அழியாததாக எழும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலின் பிறவாப் புளிதான் நினைவுக்கு வரும். அதன் கொட்டை முளைக்காது, அதுபோல அங்கே வழிபட்டவருக்கு மறுபிறவி இல்லை என்பார்கள். அங்கே முளைக்காத விதை நம்பிக்கை தருகிறது, எங்களுக்கு முளைக்கிற விதை. பிறந்து பிறந்து சாகும் சுற்று போதும் என்பது அவர்கள் வேண்டுதல். எங்கள் கணக்கில் அந்தச் சுற்றே இல்லை. ஒரு பிறப்பு, ஒரு சாவு, ஒரு எழுதல்.

செத்தபின் இயேசு எழுப்பினார் என்று பைபிள் சொல்லும் லாசருவை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவன் பழைய வாழ்க்கைக்கே திரும்பியவன், மறுபடியும் செத்திருப்பான். இயேசு எழுந்தது வேறு மாதிரி. பூட்டிய வீட்டுக்குள் வந்து நிற்கிறார், ஆனால் ஆவியில்லை என்று காட்டப் பொரித்த மீனை வாங்கிச் சாப்பிடுகிறார். ஆணித் தழும்புகூட அப்படியே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தழும்புதான். பட்ட பாட்டை அழித்துவிட்டு வேறு ஆளாக எழவில்லை, அவராகவே எழுந்தார். எங்கள் ஆட்களே சாவு வீட்டில் "ஆத்துமா மோட்சம் போயிருச்சு" என்று முடித்துவிடுகிறார்கள். எங்கள் நம்பிக்கை இன்னது என்று சபையாகச் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் ஞாயிறுதோறும் சொல்வதோ சரீரம் உயிர்த்தெழும் என்று.

நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது. கிறிஸ்து எழவில்லை என்றால் எங்கள் விசுவாசமே வீண் என்று பவுலே அதே அதிகாரத்தில் எழுதிவிட்டார். அவர் எழுந்தார் என்று நான் நம்புகிறேன். அதை நீங்கள் ஏற்கவில்லை என்றால், அப்புறம் எரிப்பதா புதைப்பதா என்று எங்களிடம் கேட்கவே வேண்டியதில்லை.