மழை நேரத்துல லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) எஸ்எம்எஸ்ல மண்சரிவு எச்சரிக்கை, எப்புடி அனுப்புனா போய்ச் சேரும்?

பண்டாரவளை பக்கத்து தோட்டத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "மழை புடிச்சா எங்க டிவிஷன்ல நெட் போயிருது, வாட்ஸ்அப் குரூப் இருந்தும் பிரயோசனம் இல்ல. மேல் லயத்து ஆளுங்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்புனா சேருமா, தமிழ்லயே அனுப்பலாமா? போக வேண்டிய இடம் கோயில் மண்டபம்னு ஜிஎஸ் (கிராம சேவகர்) ஐயா காட்டிட்டாரு."

சேரும் தம்பி. எஸ்எம்எஸ்க்கு டேட்டா தேவையில்ல, போனும் டவரும் தங்களுக்குள்ள பேசிக்கிற சிக்னல் வழியிலயே அது போயிரும், அதனால ஒரே ஒரு கோடு சிக்னல் இருந்து கால் எடுத்தா விட்டு விட்டு கேக்குற இடத்துலயும் மெசேஜ் நுழைஞ்சிரும். ஆனா 'சென்ட்'னு காட்டுனா அந்த ஆள் கைக்கு போயிருச்சுன்னு நெனச்சிராதீங்க, கம்பெனி சேர்வருக்கு போயிருச்சுன்னுதான் அர்த்தம். அவரு போன் ஆஃப்ல இருந்தா அங்கேயே கெடந்து, ஆன் பண்ணுன பொறகுதான் வரும், சிலநேரம் விடிஞ்ச பொறகு. அதனால மெசேஜ்ல மொதல்ல நேரத்த போடுங்க.

தமிழ்ல தாராளமா அனுப்பலாம், ஆனா அளவு முக்கியம். இங்கிலீஷ் எழுத்துல ஒரு எஸ்எம்எஸ்க்கு 160, தமிழ்ல 70தான், நடுவுல ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் முழு மெசேஜுக்கும் 70 கணக்குதான். அதுலயும் புள்ளி, கொம்பு எல்லாத்தையும் போன் தனித்தனியா எண்ணும். 'மண்சரிவு' நம்ம கண்ணுக்கு 5 எழுத்து, போனுக்கு 8. 70 தாண்டுனா துண்டு துண்டா உடைஞ்சு போகும், நெட்வொர்க் நெரிசல்ல ஒரு துண்டு வராட்டி மிச்சத்த படிச்சு ஒண்ணும் வெளங்காது. இப்புடி எழுதுங்க:

"இரவு 9.15. மண்சரிவு அபாயம். லயம் 3,4,5 உடனே கோயிலுக்கு போங்க"

இது 60தான். எப்ப, என்ன, யாரு, எங்க, நாலும் இருக்கு. 'கவனமா இருங்க'ன்னு மட்டும் அனுப்புனா மழையில புள்ளைகள தூக்கிக்கிட்டு யாரும் கெளம்ப மாட்டாங்க. பதுளை மாவட்டத்து மீரியபெத்தை தோட்டத்துல 2014 அக்டோபர் 29 மண்சரிவுக்கு முந்தியே, 2005லயும் 2011லயும், அந்த இடம் ஆபத்துன்னு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியிருந்துச்சு, சனம் அங்கேயேதான் இருந்துச்சு. எங்க போறதுன்னு தெரியாத எச்சரிக்கையால யாரும் நகர மாட்டாங்க, இத நான் அழுத்திச் சொல்றேன்.

எப்ப அனுப்புறது? அந்த நிறுவனத்தோட கணக்குப்படி 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் மழைன்னா விழிப்பு, 100ன்னா எச்சரிக்கை, 150 வந்தாலோ ஒரே மணித்தியாலத்துல 75 கொட்டுனாலோ வெளியேறணும். தோட்டத்து ஆபீஸ்ல மழை அளக்குறாங்களான்னு விசாரிங்க, இல்லாட்டி நேரா நிக்கிற டின் ஒண்ண வெட்டவெளியில வச்சு அடிமட்டத்தால அளந்துக்கலாம், 10 சென்டிமீட்டர் நின்னா அது 100 மில்லிமீட்டர். நெலத்துல புது வெடிப்பு, செவுத்துல கீறல், சாஞ்ச மரம், திடீர்னு புது ஊத்து, கலங்கல் தண்ணி, இதுல ஒண்ண பாத்தாலும் அளவ பாத்துக்கிட்டு நிக்காதீங்க. கரண்ட் போனா டவர் பேட்டரி கொஞ்ச மணித்தியாலந்தான் தாங்கும், அதனால 100லயே அனுப்பிருங்க, 150 வரட்டும்னு இருந்தீங்கன்னா அனுப்ப டவரே இருக்காது.

ஒரே போன்ல இருந்து எல்லாருக்கும் அனுப்ப வேணாம். லயத்துக்கு ஒரு பொறுப்பாளர் வச்சு அவங்களுக்கு மட்டும் அனுப்புங்க, வெவ்வேற கம்பெனி சிம் உள்ள ரெண்டு பேரு அனுப்புனா இன்னும் நல்லது. பொறுப்பாளர் கதவ தட்டணும், ஏன்னா நடுராத்திரி ஒரு 'டிங்' சத்தத்துக்கு யாரும் எந்திரிக்க மாட்டாங்க. கோயில் மணியோ தப்பு மேளமோ அடிச்சா என்ன அர்த்தம்னு முன்னாடியே பேசி வச்சுக்கங்க.

பழைய பட்டன் போன் சிலதுல தமிழ் கட்டம் கட்டமாத்தான் தெரியும். இந்த ஞாயித்துக்கெழமையே எல்லாருக்கும் 'சோதனை'ன்னு போட்டு ஒண்ணு அனுப்பி பாருங்க, தெரியாதவங்களுக்கு இங்கிலீஷ் எழுத்துலயே தமிழ அடிச்சு இன்னொரு மெசேஜ் ரெடியா சேவ் பண்ணி வைங்க. சிம்முல ரீலோட் இருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோட 117ஐயும் எல்லார் போன்லயும் பதிஞ்சு குடுங்க.