கிரிமியா – கடிதம்

அன்புள்ள சார்,

கருங்கடல் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். கிரிமியாவுக்காக ஏன் இத்தனை போர்கள்? செவாஸ்தபோல் துறைமுகம்தான் காரணமா? நியாயப்படி கிரிமியா ரஷ்யாவுக்குரியதா, உக்ரைனுக்குரியதா?

முரளி, கோவை

அன்புள்ள முரளி,

ஆமாம், துறைமுகம்தான். ரஷ்யாவின் கேத்தரின் அரசி கிரிமியாவைப் பிடித்த 1783இலேயே அங்கே கடற்படைத் தளம் வந்துவிட்டது. 2014இல் ரஷ்யா அதை உக்ரைனிடமிருந்து பிடுங்கிக்கொண்டது சட்டவிரோதம். இதையெல்லாம் எந்த யூடியூப் சேனலும் சொல்லிவிடும். உங்கள் கடிதத்தில் கப்பல் இருக்கிறது, இரண்டு அரசுகள் இருக்கின்றன. அந்த மண்ணில் காலங்காலமாக வாழ்ந்த முஸ்லிம் மக்களான தாத்தார்கள் எங்கே? படித்த பிள்ளை நீங்கள், கொஞ்சமாவது தேடிப்பார்த்திருக்க வேண்டாமா?

கிரிமியாவின் வடக்கே வறண்ட புல்வெளி, தெற்கே மலை, மலைக்கு அப்பால் வாடைக்காற்று எட்டாத, திராட்சை விளையும் கடற்கரை. இடத்துக்கு இடம் தாத்தார்களின் பேச்சே மாறும். கரையோரப் பேச்சு துருக்கிய மொழிக்கு நெருக்கம், புல்வெளிப் பேச்சுக்கு கசாக் மொழியின் சாயல்.

உஸ்பெகிஸ்தானில், தாஷ்கண்ட் சந்தையில் ஒரு தாத்தார் அம்மாள் சிபுரெக் பொரித்துக்கொண்டிருந்தார். பெரிய சோமாசி மாதிரி இருக்கும், உள்ளே கொத்துக்கறி. கடித்தால் சாறு முழங்கை வரை வழியும். எந்த ஊர் என்று கேட்டேன். பிறந்ததே தாஷ்கண்டில்தான்; ஆனாலும் கிரிமியாவில் ஒரு கிராமத்தைத்தான் சொன்னார். அறைக்கு வந்து வரைபடத்தில் தேடினேன். அப்படி ஓர் ஊர் இல்லை.

எப்படி இருக்கும்? 1944 மே 18 விடியலில் ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் படை கதவைத் தட்டியது. மூன்றே நாளில் ஏறக்குறைய 1,90,000 பேரைச் சரக்கு ரயிலில் அடைத்து, பெரும்பாலோரை உஸ்பெகிஸ்தானுக்கு அனுப்பினார்கள். ஜெர்மானியருக்கு உதவினார்களாம். சிலர் உதவியது உண்மை. அதற்குக் கைக்குழந்தையுமா? சோவியத் நாட்டின் வீரர் விருதை இருமுறை வாங்கிய போர்விமானி ஆமெத்கான் சுல்தானின் தாயும் கிரிமியத் தாத்தார்தான். செம்படையில் போரிட்ட தாத்தார்களையும் பிறகு நாடுகடத்தினார்கள். ஊர்ப்பெயர்களை நூற்றுக்கணக்கில் மாற்றினார்கள். ஒன்பது மாதம் கழித்து, தாத்தார்கள் காலியான அதே கரையில், லிவாடியா அரண்மனையில் ஸ்டாலினும் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் ஐரோப்பாவின் எதிர்காலத்தைப் பேசினார்கள். யால்டா மாநாடு என்று நீங்கள் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள்.

எண்பதுகளின் இறுதியில் திரும்பி வந்தவர்களின் வீடுகளில் வேறு குடும்பங்கள் இருந்தன. புறம்போக்கில் கல் அடுக்கிக் குடியேறினார்கள். அவர்களின் பேரவையான மெஜ்லிஸை 2016இல் ரஷ்யா தடைசெய்தது.

யாருக்குரியது என்ற கேள்வியில் இவர்களையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள், பேசலாம்.