அன்றைக்கு நான் கத்தியது சந்தோஷத்தில்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

வயது 29, டாலஸில் வேலை. மூன்று வருடமாக ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை, லீவு கிடைக்கும்போதெல்லாம் நண்பர்கள் நால்வர் ஒரே காரில் ஓக்லஹோமா, கான்சஸ் பக்கம் டோர்னாடோ (தரையைத் தொடும் சுழல்காற்று) துரத்தப் போவோம். ரேடாரில் டோர்னாடோவுக்கு அறிகுறியான கொக்கி வடிவம் தெரிந்தாலே காருக்குள் விசில்தான்.

ஐந்து வாரத்துக்கு முன் கான்சஸ் வயல்வெளியில் வெள்ளைக் கயிறு மாதிரி ஒன்று இறங்கியது. "இன்னும் பெருசாகு!" என்று கத்தினேன். வீடியோவில் அது தெளிவாகக் கேட்கிறது. பத்து நிமிடத்தில் அது பருத்து, ஒரு சிற்றூரின் ஓரத்தில் இருந்த டிரெய்லர் வீடுகளுக்குள் புகுந்தது. தெருமுனையில் ஒருவர் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். அடுத்த புயலைப் பிடிக்கும் அவசரத்தில் நிறுத்தாமல் போனோம். அங்கே இருவர் இறந்தது மறுநாள்தான் தெரிந்தது.

இப்போது இரவு மூன்று மணிக்கு விழிப்பு. மாதத்தின் முதல் புதன்கிழமை பகல் 12 மணிக்கு இங்கே டோர்னாடோ எச்சரிக்கை சைரன் சோதனை நடக்கும். இந்த மாதம் அது அடித்ததும் ஆபீஸ் பாத்ரூமுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். "நீயா கொண்டுவந்தே? விடுடா" என்கிறார்கள் நண்பர்கள். அடுத்த வாரம் நெப்ராஸ்கா போகிறார்களாம். நானும் போகவா?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நண்பர்கள் சொன்னதில் பாதி சரி. ஒரு தாளில் வட்டம் வரைந்து, அந்த இருவர் இறந்ததற்கான காரணங்களை அதில் பங்கிடுங்கள். மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து வந்த ஈரக்காற்று, அதன் மேல் வறண்ட காற்று, உயரம் கூடக்கூட வேகமும் திசையும் மாறிய காற்றோட்டம், காற்றுக்குத் தாங்காத டிரெய்லர் வீடு, ஒதுங்க நிலவறை இல்லாதது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். உங்கள் பங்கைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் எழுதினால் வட்டம் முழுக்க நீங்களே நிரம்பிவிடுவீர்கள். கடைசியில் பார்த்தால், அந்தக் கத்தலுக்கு அதில் இடமே இருக்காது.

கை காட்டியவரைக் கடந்துபோனது வேறு கணக்கு. அது நீங்கள் நால்வரும் எடுத்த முடிவு, இந்த வட்டத்தில் கரையாது. ஆனால் அதையும் அளந்துதான் பார்க்க வேண்டும். பயிற்சி இல்லாதவர் இடிந்த வீட்டுக்குள் நுழைந்தால் கேஸ் கசிவும் அறுந்த மின்கம்பியும் அவரையே பலிகொள்ளலாம். காரை நிறுத்தி, அவர் சொல்வதைக் கேட்டு, அவசர உதவி எண் 911-க்கு இடத்தைச் சொல்லியிருக்கலாம். செய்யாமல் விட்டது அவ்வளவுதான். அது சின்ன விஷயம் என்று நான் சொல்லப்போவதில்லை.

அதற்கு ஈடு செய்ய வழி உண்டு. புயலைக் கண்டு தகவல் சொல்வதற்கான 'ஸ்கைவார்ன்' பயிற்சியை அமெரிக்க தேசிய வானிலைச் சேவை இலவசமாகத் தருகிறது. ரத்தப்போக்கை நிறுத்தும் முதலுதவியும் கற்றுக்கொள்ளுங்கள்: கை, கால் காயத்துக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் மேலே, மூட்டில் படாமல் டூர்னிக்கே (ரத்தத்தை நிறுத்த இறுக்கும் பட்டை) கட்டி, நேரத்தைக் குறித்து, மருத்துவ உதவி வரும்வரை தளர்த்தாமல் விட வேண்டும். வீடியோவைப் பொதுவெளியிலிருந்து எடுத்துவிடுங்கள். நேரம், இடம் குறித்து வானிலைச் சேவைக்கு அனுப்பினால் ஆய்வுக்கு உதவும். இறந்தவர்களின் குடும்பத்தைத் தேடிப்போய் மன்னிப்பு மட்டும் கேட்காதீர்கள். உங்கள் பாரத்தையும் அவர்கள் தலையில் ஏற்றுவதாகிவிடும்.

தூக்கமின்மையும் சைரன் பயமும் முதல் நான்கு வாரத்தில் பலருக்கும் வந்து, தானாக அடங்கும். நீங்கள் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டீர்கள். மனஅதிர்ச்சியின் அறிகுறிகளை அளக்கும் 'பி.சி.எல்-5' என்ற 20 கேள்விப் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். 80-க்கு 31-33 அல்லது அதற்கு மேல் வந்தால் மனஅதிர்ச்சிக்குச் சிகிச்சை தருபவரிடம் முழு மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். அதற்கான சிந்தனை-நடத்தை சிகிச்சை பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகளில் முடியும். சைரன் ஒலிப்பதிவைக் குறைந்த சத்தத்தில் வைத்து, படபடப்பு பாதியாகக் குறையும்வரை கேட்கும் பயிற்சியை அவர் துணையோடு தொடங்குங்கள். அன்றைய காட்சி கண்முன் ஓடினால் தனியாகச் செய்ய வேண்டாம். தூக்கத்துக்காகக் குடிப்பதும் வேண்டாம்; பின்னிரவு விழிப்பை அது கூட்டும். அதுவரை பேச ஆள் வேண்டுமென்றால், பேரிடர் மனநல உதவி எண் 1-800-985-5990 இரவும் பகலும் இயங்குகிறது.

நெப்ராஸ்கா? இந்த முறை வேண்டாம். மூன்று மணிக்கு விழிப்பவர் நெடுஞ்சாலையில் கார் ஓட்டக் கூடாது. காரணம் அதுவே போதும். 2022 ஏப்ரலில் புயல் துரத்திவிட்டுத் திரும்பிய ஓக்லஹோமா பல்கலைக்கழக மாணவர்கள் மூவரைக் கொன்றது டோர்னாடோ அல்ல, ஈரச் சாலையில் வழுக்கிய கார். 2013 மே 31-இல் ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் 4.2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்த டோர்னாடோவில், புயல் துரத்துபவர்களில் மிகக் கவனமானவர் என்று பெயரெடுத்த டிம் சமராஸே மகனோடும் கூட்டாளியோடும் மாண்டார்.

என்றாவது மறுபடி போனால், கிளம்பும் முன்பே நால்வரும் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று: ஊர் அடிபட்டால் அன்றைய துரத்தல் அங்கேயே முடிந்தது, கேமரா உள்ளே, ஒருவர் 911-க்குப் பேசுவார்.

நண்பர்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. "இந்த முறை நான் வரலைடா. அந்தத் தெருமுனையைப் பத்தி ஒருநாள் பேசணும்" என்று அனுப்புங்கள். நால்வரில் இன்னொருவருக்கும் தூக்கம் போயிருக்கக்கூடும்.